மோட்டார் இல்லாத லேத்தும் அம்மாவின் திருகையும்

காலால் மிதித்து மரம் கடையும் லேத் ஒன்றை நானே கட்டி முடித்து, முதல் நாள் இருபது நிமிடம் மிதித்தேன். அதற்கு மேல் முடியவில்லை. வலது தொடை நடுங்கியது, ஒற்றைக் காலில் நின்றதில் இடது பாதம் மரத்துப்போயிருந்தது, கட்டையைப் பார்த்தால் பட்டை மட்டும் அங்கங்கே பிய்ந்து பூனை பிறாண்டிய மாதிரி இருந்தது. எனக்கு வயது 47. சரக்குக் கிடங்கு ஒன்றின் அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. அதனால் காலில் பலம் போதவில்லை என்றுதான் நினைத்தேன்.

லேத் நின்றது சிங்கப்பூரின் சுங்கை காடுட்டில், மேசை நாற்காலி செய்யும் என் தோழியின் பட்டறை மூலையில். அங்கே அடிக்கடி வந்து உட்காரும் சீன அங்கிள் ஒருவர் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார், வாலிபத்தில் காலாங் ஆற்றங்கரையில் மர ஆலை வேலை பார்த்தவர். அன்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காலைப் பார்க்கவில்லை, கயிற்றையும் பார்க்கவில்லை. நேராக வந்து என் கையிலிருந்த உளியை வாங்கி, அதன் விளிம்பைத் தன் கட்டைவிரல் நகத்தின் மேல் மெதுவாக வைத்தார். நகத்தில் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. "தும்புல் லா, தங்கச்சி" என்றார். மலாயில் தும்புல் என்றால் மழுங்கல், நம் பேச்சில் சொன்னால் மொட்டை.

அந்த ஒரு சொல்லைத்தான் ஒன்றரை வருடமாகத் திரும்பத் திரும்பக் கற்றுக்கொண்டிருக்கிறேன். லேத்தில் கற்றேன், வாளில் கற்றேன், கடைசியில் அம்மாவின் திருகையிலும் அதையேதான் கற்றேன். இதைக் கட்ட நினைக்கும் யாருக்காவது என் இருபது நிமிட வேதனை மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் பொறியைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நீளச் சட்டங்களை இணையாக, நடுவில் நான்கு விரல் இடைவெளி விட்டு, இடுப்பு உயரத்தில் நிறுத்த வேண்டும். அந்த இடைவெளியில் இரண்டு நிமிர்ந்த கட்டைகள் இறங்கும். ஒன்று நகராது, மற்றொன்றை வேண்டிய இடத்துக்குத் தள்ளி, அடியில் ஆப்பு அடித்து இறுக்கிக்கொள்ளலாம். இரண்டிலும் ஒவ்வொரு இரும்பு முனை, எதிரும் புதிருமாக. நான் 12 மில்லிமீட்டர் போல்ட்டின் நுனியைத் தேய்த்துக் கூராக்கிக்கொண்டேன். கடைய வேண்டிய கட்டை அந்த இரண்டு முனைகளுக்கு நடுவே பிடிபட்டுச் சுழலும். கட்டையின் மேல் ஒரு கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, கீழ்முனையை மிதிபலகையில் கட்டுவார்கள். மேல்முனையை வளைந்து கொடுக்கும் ஒரு நீளக் கழியில் கட்டுவார்கள். மிதித்தால் கட்டை நம் பக்கம் சுழலும், காலைத் தூக்கினால் கழி நிமிர்ந்து கயிற்றை மேலே இழுக்க, கட்டை எதிர்ப்பக்கம் சுழலும். ஆக வெட்டு விழுவது மிதிக்கும்போது மட்டும்தான். கால் மேலே வரும்போது உளியைக் கால் அங்குலம்கூடப் பின்னால் எடுக்க வேண்டாம், அழுத்தத்தைத் தளர்த்தினால் போதும். இது கைக்குப் பழக எனக்கு இரண்டு வாரம் ஆனது.

பட்டறையின் கூரை தகரம், அங்கே நீளக் கழி கட்ட இடம் இல்லை. அதனால் இரண்டு பக்கமும் ஆளுயரக் கம்பங்கள் நிறுத்தி, லாரியில் சாமான் கட்டும் ரப்பர் கயிற்றைக் குறுக்கே கட்டினேன், வேலை செய்கிறது. மூங்கில் கழி வைத்தவர்களும் உண்டு. சட்டங்களுக்கு யாரோ வீசிவிட்ட கட்டிலின் மரம் கிடைத்தது. ரப்பர் கயிறு, போல்ட், பின்னிய பாலியெஸ்டர் கயிறு, பழைய உளிகள் எல்லாம் சேர்த்து 140 சிங்கப்பூர் வெள்ளிக்குள் முடிந்தது. நைலான் கயிறு வேண்டாம், இழுபட்டு இழுபட்டு மிதியின் பாதி பலத்தை அதுவே தின்றுவிடும். முனைகள் கீச்சென்று கத்தினால் மெழுகுவர்த்தி மெழுகைத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், நாலே நாளில் பிசின் மாதிரி ஆகிவிட்டது.

இந்தப் பொறியில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள கட்டையின் சுற்றளவு 15.7 சென்டிமீட்டர். மிதி இறங்கும்போது கயிறு 40 சென்டிமீட்டர் ஓடினால் கட்டை இரண்டரைச் சுற்றுச் சுற்றும். அதே கட்டை பாதி தடிமனாக மெலிந்ததும், அதே மிதிக்கு ஐந்து சுற்று. பல்சக்கரம் கிடையாது, பொத்தான் கிடையாது, ஆனாலும் தடித்த கட்டை மெதுவாகவும் மெல்லிய கட்டை வேகமாகவும் தானாகவே சுற்றுகிறது. மோட்டார் லேத்தில் இதற்காகத்தான் வேகம் மாற்ற வேண்டியிருக்கும்.

சரி, பலத்துக்கு வருவோம். ஆரோக்கியமான ஒருவர் மணிக்கணக்கில் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி ஏறத்தாழ 75 வாட். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஒரு குதிரைத்திறன் மோட்டார் வைத்த லேத்தின் முன்னால் என் கால் பத்தில் ஒரு பங்குதான். அந்த மோட்டாரிடம் மொட்டை உளியைக் கொடுத்தாலும் மரத்தைச் சுரண்டித் தூளாக்கியாவது உருவம் கொண்டுவந்துவிடும். நமக்கு உளி மொட்டை என்பதே தெரியாமல் போய்விடும். காலில் அந்த உபரி இல்லை. உளி சுரண்டினால் கட்டை நின்றுவிடும், தொடை வலிக்கும். உளி வெட்டினால் மட்டும்தான் மரம் சுருள் சுருளாக வரும். அதனால் இந்தப் பொறியை வைத்திருப்பவர் முதலில் கற்க வேண்டியது சாணை பிடிப்பது, மிதிப்பது அப்புறம்தான்.

நான் இப்போது செய்வது இப்படி: உளியின் சாய்வு ஏறத்தாழ 30 பாகை. 1000 நம்பர் கல்லில் தேய்த்து, பின்பக்கத்தில் விரலுக்கு ஒரு மெல்லிய பிசிறு தட்டுப்படும் வரை விடுவதில்லை. பிறகு 3000 நம்பர் கல், கடைசியில் பலகையில் ஒட்டிய பழைய தோல் பெல்ட்டில் பாலிஷ் பசை தடவிப் பத்து இழுப்பு. வேலைக்கு நடுவில், மிதி கனக்கிற மாதிரித் தோன்றியதுமே நிறுத்தி இன்னொரு பத்து இழுப்பு இழுத்துவிடுவேன். தொடை சொன்னால் அது உளியைப் பற்றித்தான் சொல்கிறது. மின்சாணையில் பிடிப்பவர்கள் விளிம்பு நீலம் பூக்க விடாதீர்கள், அந்த இடத்தில் எஃகின் கடினம் போய்விடும், அதை முழுக்கத் தேய்த்து எடுக்கும் வரை கூர் நிற்காது. நம் ஊர் ஈரத்துக்கு உளிகள் ஒரே இரவில் துருப்பிடிக்கும், தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும்.

இன்னொன்று, கட்டையை அப்படியே லேத்தில் ஏற்றாதீர்கள். முதலில் கோடாலியால் எட்டுப்பட்டையாகச் செதுக்கிக்கொண்டால், கால் இருபது நிமிடம் செய்யும் வேலையைக் கை மூன்று நிமிடத்தில் முடித்துவிடும். அந்த முதல் நாள் நான் நாலு பட்டைக் கட்டையை ஏற்றியிருந்தேன். மொட்டை உளியோடு இதுவும் சேர்ந்துதான் அந்த நடுக்கம்.

அடுத்தது மரம். காய்ந்த மரத்தைக் காலால் கடைவது தண்டனை, பச்சை மரம்தான் வேண்டும். இங்கிலாந்தில் ஹை விக்கம் பக்கத்து பீச் காடுகளில் நாற்காலிக் கால் கடைந்தவர்கள், மரத்தை லேத்துக்குத் தூக்கி வராமல் லேத்தைக் காட்டுக்குள் தூக்கிப் போனது இதனால்தான். வெட்டிய இடத்திலேயே பிளந்து, ஈரத்தோடு கடைந்து, கால்களை மட்டும் வெளியே அனுப்பினார்கள். பர்க்‌ஷரில் ஜார்ஜ் லெய்லி என்பவர் இதே மிதி லேத்தில் ஒரே கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் கிண்ணங்களைக் கடைந்துகொண்டிருந்தார். 1958இல் இறந்தார், அவருடைய லேத் ரெடிங் நகரில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சிங்கப்பூரில் காட்டுக்குப் போய்ப் பிளக்க முடியாது. சாலையோரம் வெட்டிப்போட்ட கிளை கிடக்கிறதே என்று காரில் ஏற்றிக்கொள்ளவும் கூடாது. மரம் கழிக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் தோழி மூலமாகக் கேட்டு, அனுமதியோடு கிளைத் துண்டுகள் வாங்குகிறேன். பெரும்பாலும் தூங்குமூஞ்சி, சில சமயம் அங்சானா. அங்சானா நம் வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் ஒரே குடும்பத்துச் சொந்தம். 1967இல் தொடங்கிய பூந்தோட்ட நகர முயற்சியில் சாலையெங்கும் நட்டார்கள், பெரிய கிளையை வெட்டி நட்டாலே வேர்பிடித்துச் சீக்கிரம் நிழல் தந்துவிடும். கடைவதற்கு இரண்டுமே அருமை. பச்சையாகக் கடையும்போது தூள் பறக்காது என்பது பெரிய நிம்மதி, ஏனென்றால் காய்ந்த தூங்குமூஞ்சியின் தூள் எனக்கு ஒரு நாள் முழுக்கத் தும்மல் கொடுத்திருக்கிறது.

அங்சானாவின் வைரம் பாய்ந்த நடுமரச் சீவல்களை ஒரு நாள் கண்ணாடிப் பாட்டில் தண்ணீரில் போட்டுவைத்தேன். மஞ்சளாக ஊறியது. சன்னலோர வெயிலில் தூக்கிப் பார்த்தால் விளிம்பில் மெல்லிய நீலம்! பயந்துபோய் அங்கிளிடம் காட்டினேன், அவருக்கும் தெரியவில்லை. அப்புறம்தான் படித்தேன், இந்த மரத்தின் சாறு வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும் குணம் உடையது, பிலிப்பீன்ஸிலிருந்து இந்த மரத்தில் கடைந்த கோப்பைகள் ஒரு காலத்தில் ஐரோப்பாவுக்கு அதிசயப் பொருளாகப் போயின. பதினெட்டு வருடம் அந்த மரத்தடியில் பேருந்துக்கு நின்றிருக்கிறேன்.

பச்சை மரத்தை இந்த வெப்பத்தில் வைத்திருப்பதுதான் கஷ்டம். ஒரு வாரத்துக்குள் வெட்டுமுனைகள் வெடிக்கும், வெள்ளைப் பகுதியில் நீலப் பூஞ்சை ஏறும், பட்டைக்கடியில் வண்டு வரும். வெட்டுமுனைகளில் மீந்த சுவர்ச்சாயத்தைத் தடித்துப் பூசுகிறேன். சிறிய துண்டுகளைப் பிளாஸ்டிக் பையில் இறுகச் சுற்றி உறைபெட்டியில் வைக்கிறேன். மீன் வைக்க இடமில்லை என்று வீட்டில் புகார் வந்தது, ஒரு தட்டு மட்டும் என்று ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. வாளித் தண்ணீரில் மூழ்கவைப்பது இன்னும் எளிது, ஆனால் இங்கே அதைச் செய்ய வேண்டாம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும். ஊறவைத்தே ஆக வேண்டும் என்றால் இறுக்கமான மூடி போட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீரை மாற்றுங்கள்.

ஒரு தோல்வியையும் சொல்ல வேண்டும். அக்காவுக்குத் தீபாவளிக்கு ஒரு பூரிக்கட்டை கடைந்தேன், தூங்குமூஞ்சியில், பச்சையாக. கொடுத்த அன்று உருட்டிவைத்த மாதிரி வட்டம். ஒன்றரை மாதம் கழித்து அக்கா போன் செய்து, "ஏன்டி, மாவு ஒரு பக்கம் தடிப்பா, ஒரு பக்கம் மெலிசா வருதே" என்றாள். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் பச்சையாகக் கடைந்த உருளை காய்ந்ததும் நீள்வட்டமாகிவிடும். சுத்தியலின் கைப்பிடிக்கும் கிண்ணத்துக்கும் அது பரவாயில்லை, ஏன், பிடிக்கு நல்லதும்கூட. பூரிக்கட்டைக்கு ஆகாது. இப்போதெல்லாம் தேவையைவிட அரை அங்குலம் தடிமனாகக் கடைந்து, நிழலில் மூன்று நான்கு மாதம் போட்டு, பிறகு இரண்டாம் முறை ஏற்றிக் கடைகிறேன். நம் காற்றின் ஈரத்துக்கு மரம் 15, 16 விழுக்காட்டு ஈரத்துக்குக் கீழே தானாக இறங்காது, ஏர்கான் அறையில் வைத்தால் இன்னும் கொஞ்சம் சுருங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த இரண்டாம் கடைசலில் மரம் காய்ந்திருக்கும், சாணையில் கொஞ்சம் குறை வைத்தாலும் கால் உடனே காட்டிக்கொடுக்கும்.

நடுவில் ஒரு ஆசை வந்தது. பழைய தையல் மெஷினின் வார்ப்பிரும்பு மிதி ஒன்று கிடைத்தது, அதை வைத்து ஒரே திசையில் விடாமல் சுற்றும் லேத் கட்டலாம் என்று. இது புதிய யோசனை ஒன்றும் இல்லை, லியனார்டோ டா வின்சியின் குறிப்புகளிலேயே மிதியும் சுழற்சிச் சக்கரமும் சேர்ந்த லேத் வரைந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ராக்ஃபோர்டில் பார்ன்ஸ் சகோதரர்கள் மிதித்தே ஓட்டும் லேத்துகளையும் வாள்களையும் தயாரித்து விற்றார்கள். தையல் மெஷினின் சொந்தச் சக்கரம் துணிக்குப் போதும், மரத்துக்கு ரொம்ப இலேசு, உளி பட்டதும் நின்றுவிடும். அதனால் 60 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒட்டுப்பலகைச் சக்கரம் வெட்டி, விளிம்பைச் சுற்றி இரும்புத் துண்டுகள் பதித்தேன். எடையை நடுவில் வைத்துப் பயனில்லை, விளிம்பில் வைத்தால்தான் சுழற்சியைப் பிடித்துவைத்திருக்கும். லேத் பக்கம் 10 சென்டிமீட்டர் உருளை, ஆக ஒரு மிதிக்கு ஆறு சுற்று, நிமிடத்துக்கு 50 மிதி என்றால் 300 சுற்று.

சுற்றியது, அழகாகவே சுற்றியது. அரக்குப் பூச இது நல்லது, சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டிலேயே உருகி ஒட்டும், தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு ஏறும். அம்பாசமுத்திரம் பக்கத்துச் சொப்புச் சாமான்களைப் பார்த்தவர்களுக்கு அந்த மினுக்கு தெரிந்திருக்கும். ஆனால் ஒரு நாள் உளி மரக்கண்ணில் மாட்டிக்கொண்டது. கயிற்று லேத்தாக இருந்தால் கால் நின்றதும் எல்லாம் நின்றிருக்கும். இதில் கால் நின்ற பிறகும் சக்கரம் சேர்த்துவைத்த வேகம் ஓடியது, உளியைப் பிடுங்கி என் மணிக்கட்டில் அடித்தது. மூன்று வாரம் வீக்கம். பிள்ளைகளை லேத்தில் நிறுத்துவதாக இருந்தால் கயிற்று லேத்தில் மட்டும்தான் நிறுத்துவேன். பாதுகாப்புக் கண்ணாடி எதிலும் கட்டாயம். கயிற்று லேத்திலும் ஆப்பைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும், தளர்ந்தால் கட்டை தாடைக்கு வராவிட்டாலும் முழங்கால் எலும்புக்கு வரும், வந்திருக்கிறது.

அங்கிள் வாளைப் பற்றிச் சொன்னதையும் இங்கே எழுதிவிடுகிறேன். பட்டறையில் பழைய கடைவீட்டிலிருந்து கழற்றிய தரைப்பலகைகள் கிடந்தன, சேங்கல் மரம். (நம் காதுக்குச் செங்கல் என்றே விழும் அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி, அந்த மரமும் நல்ல கனம்.) அவர் பலகையைச் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்துக் காட்டினார். வாளின் தடம் வளைவு வளைவாக இருந்தால் வட்டவாள், ஆலையில் அறுத்தது. நேர்க்கோடுகள், ஒரே இடைவெளியில், ஒரே சாய்வில் இருந்தால் மேலும் கீழும் ஓடும் சட்டவாள், பொறியில் அறுத்தது. நேர்க்கோடுகளே ஆனாலும் இடைவெளியும் சாய்வும் மாறிக்கொண்டே போனால் இரண்டு ஆள் கையால் அறுத்தது. மேலே நிற்பவர் கோட்டைப் பார்த்து வாளை நடத்துவார், கீழே நிற்பவர் இழுப்பார், தூள் முழுக்க அவர் முகத்தில். நாள் போகப் போக இரண்டு பேரும் களைப்பது அந்தப் பலகையிலேயே தெரியும் என்று சொல்லி, கோடுகள் கோணிப்போன ஓர் இடத்தைத் தடவிக்காட்டினார். "இங்கே வாளைத் தீட்டியிருக்கணும், தீட்டலை."

அந்தச் சட்டவாளைத் தண்ணீரில் ஓட்டிய கதையும் அழகானது. 13ஆம் நூற்றாண்டில் பிரான்ஸைச் சேர்ந்த வில்லார் த ஒன்னெகூர் தன் குறிப்பேட்டில் தண்ணீரால் ஓடும் மர வாள் ஒன்றை வரைந்துவைத்திருக்கிறார். நீர்ச்சக்கரம் வாளைக் கீழே இழுக்கும், மேலே தூக்குவது வளைந்து நிமிரும் ஒரு கழி. முதன்முதலில் அந்தப் படத்தைப் பார்த்தபோது என் ரப்பர் கயிற்றை நினைத்துக்கொண்டேன். காலின் இடத்தில் ஆறு, அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் உத்தராகண்ட் போனபோது, மலைச்சரிவில் ஓடிக்கொண்டிருந்த நீர்த்திருகை ஒன்றைப் பார்த்தேன், அங்கே கராட் என்கிறார்கள். ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி, செங்குத்தான மரத் தொட்டி வழியே தண்ணீரைக் கீழே விடுகிறார்கள். அது படுக்கையாகக் கிடக்கும் சக்கரத்தின் சாய்ந்த இறக்கைகளில் மோதும். சக்கரத்தின் தண்டு அப்படியே நிமிர்ந்து, அசையாத கீழ்க்கல்லின் துளை வழியே ஏறி, மேல்கல்லைச் சுற்றும். பல்சக்கரமே இல்லை. கோதுமை ஒரு தொங்கும் கூடையிலிருந்து விழுகிறது. கூடையின் வாயில் ஒரு குச்சி கட்டியிருக்கிறார்கள், அதன் நுனி சுழலும் மேல்கல்லின் மேல் தட்டித் தட்டி ஓடும், அந்த அதிர்வில்தான் தானியம் உதிரும். தண்ணீர் பெருகிக் கல் வேகமாகச் சுற்றினால் தானியமும் வேகமாக விழும், தண்ணீர் குறைந்தால் அதுவும் குறையும். ஒரு குச்சி! நான் பத்து நிமிடம் அதன் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன், வண்டிக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். மாவைத் தொட்டால் சூடே இல்லை. திருகைக்காரரிடம், பராமரிப்பில் எது பெரிய வேலை என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டேன். சக்கரம் என்பார் என்று எதிர்பார்த்தேன். கல்லைத் தூக்கி நிறுத்திக் கொத்துவது என்றார்.

அது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அம்மா 1968இல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி இங்கே வந்தவர், கூடவே ஒரு திருகையும் வந்தது. உளுந்து உடைக்க, பச்சைப்பயறு உடைக்க. தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) மாவு மில் வந்த பிறகும், மிக்ஸி வந்த பிறகும் அம்மா அதை விடவில்லை, ஆனால் பத்து வருடமாக அது பால்கனி மூலையில்தான். "சரியா உடைக்க மாட்டேங்குது, கை வலிக்குது, வயசாயிடுச்சு" என்பார். பிரித்துப் பார்த்தேன். இரண்டு கல்லின் முகமும் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தன. அம்மாவின் வயது 76, உண்மைதான், ஆனால் கை வலிக்குக் காரணம் கல். நான் தொடையைக் குற்றம் சொன்ன அதே தப்பு.

திருகையில் பயறு நடுக்குழியில் விழுந்து, இரண்டு கல்லுக்கும் நடுவில் வெட்டுப்பட்டு, கொத்துத் தடங்கள் வழியே வெளியே தள்ளப்படுகிறது. தடம் தேய்ந்தால் வெட்டும் இல்லை, தள்ளலும் இல்லை, நசுக்கல் மட்டும்தான். ஊரில் அம்மி கொத்துபவர்கள் தெருவில் கூவிக்கொண்டு வருவார்கள். இங்கே யாரும் இல்லாததால் நானே கொத்தினேன். கூர்முனை உளி, சிறிய சுத்தியல், முகத்துக்குக் கண்ணாடி, மூக்குக்கு நல்ல முகக்கவசம், கல்லை நனைத்து நனைத்து, ஏனென்றால் கருங்கல் தூள் நுரையீரலுக்கு ஆகாது. நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் புள்ளி வரிசைகள், நடுப்பக்கம் கொஞ்சம் ஆழமாக, விளிம்புப் பக்கம் மேலோட்டமாக. உளியின் முனை ஐந்து நிமிடத்தில் மழுங்கிவிடுகிறது, அதையும் தீட்டிக்கொண்டேதான் கொத்த வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. பிறகு நன்றாகக் கழுவி, இரண்டு பிடி பச்சரிசியை அரைத்துக் கொட்டினேன், மூன்றாம் பிடியில் கல் துகள் பல்லில் படவில்லை. அம்மா உட்கார்ந்து, ஒரு கையால் பயறைத் தூவி, மறுகையால் சுற்றினார். ஒன்றும் சொல்லவில்லை, அரைப்படி உடைத்து முடித்த பிறகுதான் எழுந்தார்.

நீர்ச்சக்கரத்தைப் பற்றி அக்கா மகளுக்கு விளக்க ஒரு சோதனை செய்தோம், பிள்ளைகள் உள்ள வீட்டில் செய்து பாருங்கள். ஐஸ்கிரீம் கப்புகளை வளையமாக ஒட்டி ஒரு சக்கரம், நடுவில் சாப்ஸ்டிக் அச்சு, அச்சில் நூல் கட்டித் தொங்கும் ஒரு சின்ன எடை. குளியலறைக் குழாயை ஒரே அளவு திறந்துவைத்து, ஒரு தடவை தண்ணீரைச் சக்கரத்தின் அடியில் மோதவிட்டோம், ஒரு தடவை உச்சியில் ஊற்றிக் கப்புகளை நிரப்பவிட்டோம். அடியில் மோதியபோது எடை பாதி ஏறித் தயங்கி நின்றது. உச்சியில் ஊற்றியபோது கிடுகிடுவென்று ஏறிவிட்டது. ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் மாதிரிச் சக்கரங்களை வைத்து இதைத்தான் அளந்து, 1759இல் வெளியிட்டார். அடியில் மோதும் சக்கரம் தண்ணீரின் சக்தியில் ஏறத்தாழ 22 விழுக்காட்டைத்தான் வேலையாக்கியது, மேலிருந்து நிரம்பும் சக்கரம் 60 விழுக்காட்டுக்கும் மேல். மோதிச் சிதறும் தண்ணீர் சத்தம் போட்டே சக்தியை இழக்கிறது, கப்பில் நிரம்பிய தண்ணீர் எடையாகவே கீழே இறங்குகிறது. நொடிக்கு 50 லிட்டர், மூன்று மீட்டர் உயரம் என்று ஒரு சின்ன ஓடை இருந்தாலே 1,470 வாட், அதில் 60 விழுக்காடு கிடைத்தால் ஏறக்குறைய 880 வாட், பன்னிரண்டு பேர் மிதிப்பதற்குச் சமம். அவள் அதைக் கேட்டுவிட்டு, "அப்போ உங்க லேத்துல ஷவரை மாட்டலாமே, சித்தி" என்றாள். குழாய்த் தண்ணீருக்குக் கட்டணம் இருக்கிறது, இல்லாவிட்டால் மாட்டியிருப்பேன். சோதனை முடிந்ததும் கப்புகளைக் கவிழ்த்து வையுங்கள், கொசு விஷயம்தான்.

போன ஆண்டு தோழியின் பட்டறை இடம் மாறியதால் லேத்தை என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். எல்லாம் ஆப்பில் நிற்பதால் பத்து நிமிடத்தில் பிரித்து மின்தூக்கியில் ஏற்றலாம். பொது நடைபாதையில் வைக்காதீர்கள், தீ நேரத்தில் வழி மறிக்கும். சுழலும் சத்தம் யாருக்கும் கேட்காது, ஆனால் மிதிபலகை தரையில் தட்டும் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கிறது என்று முதல் வாரமே ஒரு அம்மா மேலே வந்து சொன்னார். நான் மிதிபலகைக்குக் கீழே இரண்டு அடுக்கு ரப்பர் பாய் போட்டு, அது தரையைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளியில் நிற்கும்படி கயிற்றைக் குறைத்தேன். பிறகு அவரைக் கூப்பிட்டு மிதிக்கச் சொன்னேன், அவர் மகன்கூட வந்து மிதித்துப் பார்த்தான். இரவு எட்டு மணிக்குப் பிறகு மிதிப்பதில்லை.

சீன அங்கிள் இப்போது பட்டறை இல்லாததால் மாதம் ஒரு தடவை வீட்டுக்கே வருகிறார். போன முறை அங்சானாவில் ஒரு பம்பரம் கேட்டார், மலாய்க்காரர்கள் காசிங் என்பார்களே, அந்த மாதிரி அகலமாக, பேரனுக்காம். கட்டை உறைபெட்டியில் இருக்கிறது, வரும் சனிக்கிழமை கடைய வேண்டும். அதற்கு முன் வெள்ளிக்கிழமை இரவு உளிகளைக் கல்லில் வைத்தாக வேண்டும், ஏனென்றால் அவர் வந்ததும் பம்பரத்தைக் கேட்கப்போவதில்லை. முதலில் உளியைத்தான் வாங்கி நகத்தில் வைத்துப் பார்ப்பார்.